ஜன்னல்காரி இல்லாத புத்தகம்

இல்ல தம்பி, காசு வேண்டாம். காசைத் திருப்பிக் கொடுங்கன்னு நான் கேக்கவே இல்லையே. புஸ்தகத்தை மாத்திக் கொடுங்கன்னுதான் கேக்குறேன். இதுல ஒரு அத்தியாயம் கொறையுது. பக்கமெல்லாம் கிழியல, நானும் பாத்துட்டேன். நம்பரும் வரிசையாத்தான் இருக்கு. நம்பர் சரியா இருந்தா கதையும் சரியா இருக்கும்னு யார் சொன்னா? நான் இந்தக் கதையை முழுசா என் காதால கேட்டவ.

அந்த ஸ்டூலைக் கொஞ்சம் இப்பிடித் தள்ளுங்க, முட்டி வலிக்குது. வெயில் இந்தத் தூணைத் தாண்டி வர்றதுக்குள்ள சொல்லிட்டுப் போயிடுறேன். உங்களுக்கும் ஒண்ணும் யாவாரம் பிச்சுக்கிட்டுப் போகல. அந்த ரெண்டு வெளிநாட்டுக்காரங்களும் பழைய போஸ்டரைப் பொரட்டிட்டுப் போயிடுவாங்க, வாங்க மாட்டாங்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

என் கையைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டீங்களா? ஆமா, சுருட்டுக் கம்பெனிதான். வேலைய விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு, இந்தக் கட்டைவிரல் மட்டும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. தூங்கும்போதுகூட போர்வை ஓரத்தைச் சுருட்டி வெச்சிருக்கேன் போங்க.

அப்ப உங்களுக்கு வாசிப்புக்காரர் பத்தித் தெரிஞ்சிருக்கும். கேள்விப்பட்டிருக்கீங்களா, சரி. கேள்விப்படுறது வேற தம்பி, உள்ள உக்காந்து கேக்குறது வேற. எங்களுக்குக் கைதான் வேலை செய்யும், காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் ஒரு ஆளு. காலைல பேப்பர் படிப்பார், அப்புறம் கதை. எந்தக் கதைன்னு நாங்கதான் கை தூக்கி முடிவு பண்ணுவோம். புடிச்சிருந்தா இலை வெட்டுற கத்தியைப் பலகையில தட்டுவோம், ஹாலு முழுக்க ஒரே நேரத்துல, மழை வந்த மாதிரி இருக்கும். புடிக்கலேன்னா கத்தியைத் தரையில போட்டுருவோம். எங்க வாசிப்புக்காரர் பேரு எவெலியோ. அவர் காலத்துல கத்தி தரையில விழுந்து நான் பாத்ததில்ல.

ஜன்னலுக்குப் பக்கத்து மேசை என்னது. பொறாமைப்படாதீங்க, அதைத் திறக்கவே கூடாது. காத்து அடிச்சா இலை காஞ்சு நொறுங்கிடும். ஆகஸ்ட் மாசத்துலயும் மூடியேதான் இருக்கும், வேத்து ஊத்தும். அந்தப் புழுக்கத்துல உக்காந்துக்கிட்டுத்தான் இந்தப் பனித்துறைமுகம் கதையைக் கேட்டோம். ஊரே ஐஸ் கட்டிக் கெடக்கும், அண்ணன் தம்பி ரெண்டு பேரு ஒரு படகுக்கு அடிச்சுக்குவாங்க. அதைக் கேட்டா வேர்வையே நின்னுடும். அப்பிடிப் படிப்பார் மனுஷன்.

படிச்சேன், படிச்சேன். உங்ககிட்ட வாங்கிட்டுப் போய் மூணே வாரத்துல முடிச்சிட்டேன். கண்ணாடி போட்டுக்கிட்டு ஜன்னல்கிட்ட உக்காந்து படிச்சேன். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க, உங்க பொழப்பு இது. அச்சுல படிக்கிறது பெரிய தண்டனை. எல்லாரும் என் குரல்லயே பேசுறாங்க. அண்ணனும் நான்தான், தம்பியும் நான்தான், கதையில நாய் ஒண்ணு குலைக்குது பாருங்க, அதுவும் நான்தான். என் குரலைக் கேட்டுக் கேட்டே எனக்கு அலுத்துப் போச்சு. வீட்டுல வேற குரலும் இல்ல.

பாதிரியார் தொப்பியில தம்பிக்காரன் மீனைப் போட்டு வைப்பான்ல, அந்த எடம் வந்துச்சு. வாய்விட்டுச் சிரிச்சேன். சிரிச்சிட்டு, பழக்க தோஷம், பக்கத்துல திரும்பிப் பாத்தேன். வெறும் நாற்காலி. கம்பெனியில இருநூறு பேரு சேந்து சிரிச்ச எடம் தம்பி அது. நான் என்ன பண்ணேன், கரண்டியை எடுத்து மேசையில தட்டினேன். கீழ் வீட்டுக்காரி, மேல என்ன சத்தம்னு கத்துறா. ஒண்ணுமில்ல, கதை நல்லாருக்குன்னேன். அதுக்கப்புறம் அவ என்னை ஒரு மாதிரிதான் பாக்குறா.

அவ பொண்ணுதான் பாவம், போன்ல இதே கதையைப் போட்டு, காதுல ஒயர் சொருகி விட்டா. நீங்க சொல்றதும் அதானே? கேட்டுட்டேன். ஸ்பெயின்காரன் ஒருத்தன் படிக்கிறான், நாக்கைப் பல்லு நடுவுல வெச்சு வெச்சு. நல்லாத்தான் படிக்கிறான், குத்தம் சொல்ல முடியாது. ஆனா யாருக்குப் படிக்கிறான்? நான் தும்மினேன், அவன் பாட்டுக்குப் போயிட்டே இருக்கான். எவெலியோ அப்பிடி இல்ல. ஹாலு மூலையில யாரு தும்மினாலும் நிறுத்துவார், நல்லா இருங்கன்னு சொல்லிட்டுத்தான் அடுத்த வரி. யாருக்குப் புரியலேன்னு முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சு அந்த எடத்தை மறுபடி படிப்பார். நம்ம முகத்தைப் பாத்துப் படிக்கிற ஆள் இருந்தா அது ஒரு தனி சுகம். அந்த ஸ்பெயின்காரன்கிட்டயும் அந்த அத்தியாயம் இல்ல. புஸ்தகமும் அவனும் கூட்டுச் சேந்துக்கிட்டாங்க.

எந்த அத்தியாயமா? ஜன்னல்காரி அத்தியாயம். தம்பிக்காரன் படகை எடுத்துக்கிட்டுப் போனப்புறம், புயல் வர்றதுக்கு முன்னாடி. நல்லா ஞாபகம் இருக்கு. ரஷ்யாக்காரங்க நம்ம நாட்டுக்கு எண்ணெய் அனுப்புறதை நிறுத்தின வருஷம் அது, கரண்டு எப்ப வரும் எப்ப போகும்னு கடவுளுக்கே தெரியாது. அன்னைக்குக் கதை நடுவுல கரண்டு போச்சு, மைக்கு செத்துப் போச்சு. மேடையில நின்னு கத்தினா பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்காது. அதனால புஸ்தகத்தோட கீழ எறங்கி வந்தார், நடந்துக்கிட்டே படிச்சார். படிச்சுக்கிட்டே வந்து என் மேசை பக்கத்துத் தூண்ல சாஞ்சு நின்னுட்டார்.

அங்க நின்னுதான் ஜன்னல்காரியைப் படிச்சார். அந்தத் துறைமுகத்துல ஒருத்தி, வலை பின்னுறவ, எப்பவும் ஜன்னல்கிட்ட உக்காந்திருப்பா. வலது கையில ஆம்பிளை வாட்ச் கட்டியிருப்பா. ஆறிப்போன காப்பியையும் ஊதி ஊதித்தான் குடிப்பா. பின்னிக்கிட்டே ஏதோ முனகுவா, பாட்டுன்னு அவளுக்கே தெரியாது. முடி நெத்தியில விழுந்தா, கையெல்லாம் பசை ஒட்டியிருக்கும்ல, அதனால முழங்கையால தள்ளி விடுவா. மத்தியானம் சீஸ் துண்டோட கொய்யா அல்வா சாப்பிடுவா, யாரும் பாக்கலேன்னு நெனச்சுக்கிட்டு விரலை நக்குவா.

சிரிக்கிறீங்க. கொய்யா அல்வாதான். எனக்கும் இப்பத்தான் ஒறைக்குது, ஐஸ் ஊர்ல கொய்யாவுக்கு எங்க போவா? இலை ஒட்டுற எங்களுக்குப் பசை சரி, வலை பின்னுறவளுக்குக் கையில எதுக்கு? அன்னைக்கு எதுவும் தோணல. கதை நல்லாப் போகும்போது யாரு கணக்குக் கேப்பா? எல்லாரும் என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. என் தலைக்கு மேல கடிகாரம் மாட்டியிருக்கும், அதைப் பாக்குறாங்கன்னு நெனச்சேன். பக்கத்து மேசை மிக்தாலியா என்னை இடுப்புல இடிச்சா. அடியே ஒர்தென்சியா, அச்சு அசலா உன்னை மாதிரியே ஒருத்தி பாருடின்னா. சும்மா இலையைப் பாத்து வெட்டுடின்னு சொல்லிட்டேன். இன்னொண்ணும் கவனிச்சேன். அத்தனை நேரம் படிக்கிறார், பக்கத்தைத் திருப்பவே இல்ல. பெரிய பக்கம் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

கேளுங்க, முக்கியமான எடம் இனிமேத்தான். அந்தத் துறைமுகத்துல ஒரு ஆளு, அவளைத் தெனமும் பாக்குறவன். கடிதம் படிக்கத் தெரியாதவங்களுக்கெல்லாம் படிச்சுச் சொல்றதுதான் அவன் தொழில். ஊருக்கே பேசிக் கொடுப்பான், தனக்குன்னு பேச வராது. ஒரு நாள் எப்பிடியோ அவகிட்டச் சொல்லிடுவான். எனக்கு வீடு இருக்கு, அதுல ஒரே ஒரு தட்டுதான் இருக்கு. நாளைக்கு இந்த வழியா வருவேன். உனக்கு விருப்பம் இல்லேன்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம், ஜன்னல் மூடியே இருக்கட்டும், நான் பாட்டுக்குப் போயிடுறேன். விருப்பம் இருந்தா ஒரு விரக்கடை திறந்து வை, போதும். இதைச் சொல்லி முடிக்கவும் சங்கு ஊதவும் சரியா இருந்துச்சு. தம்பி, அன்னைக்கு நாங்க தட்டின தட்டுல பலகை ஒடையாம இருந்ததே பெருசு.

மறுநாளா? மறுநாள் யாருக்கும் வேலையே ஓடல. திறப்பாளா மாட்டாளான்னு காலையிலேர்ந்து சண்டை. எவெலியோ மேடை ஏறினார். புஸ்தகத்தைத் திறந்தார், படிக்கல. எங்க ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே நின்னார். ரொம்ப நேரம். பின்னாடியிருந்து ஒருத்தன், படிய்யான்னு கத்தினான். அப்புறம் கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கிட்டுப் படிக்க ஆரம்பிச்சார். எடுத்த எடுப்புல புயல். அண்ணன்காரன் கடல்ல எறங்கிட்டான். அவ்வளவுதான், கடைசி வரைக்கும் ஜன்னல்காரி வரவே இல்ல!

அதான் நான் தேடினேன். அவ திறந்தாளா இல்லையா, அது தெரிஞ்சா போதும் எனக்கு. கேக்காம இருப்பேனா? எவெலியோகிட்டயே கேட்டேன், எத்தனையோ தடவை கேட்டேன். எழுதினவன் மறந்துட்டான் ஒர்தென்சியா, அப்பிடிம்பார். என்னய்யா எழுத்துக்காரன், ஒரு பொம்பளையை ஜன்னல்ல உக்கார வெச்சிட்டு ஓடிப் போயிட்டான், சோம்பேறின்னு திட்டுவேன். சோம்பேறி இல்ல, தைரியம் பத்தலம்பார். அதுக்கப்புறமும் பத்து இருபது வருஷம் படிச்சார் எங்களுக்கு. ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்ல. வணக்கம் ஒர்தென்சியா, இந்தத் தடவை எந்தப் புஸ்தகத்துக்குக் கை தூக்கப் போற, அவ்வளவுதான்.

இல்ல, அவருக்குக் கல்யாணம் ஆகல. எனக்கு அந்தக் கதைக்கு முன்னாடியே ஆச்சு, ஆன சுருக்குல முடிஞ்சும் போச்சு. அவன் கமகுவே ஊர்ல யாரோ ஒருத்தியோட போய்ச் சேந்துக்கிட்டான். அந்த வாட்சு அவன் விட்டுட்டுப் போனதுதான். நேரம் நல்லாக் காட்டுச்சு, அதனால கட்டிக்கிட்டேன். இதோ, இன்னும் ஓடுது.

ஆமா தம்பி. வலது கைதான்.

என்னை அப்பிடிப் பாக்காதீங்க. பேச்சை முடிச்சிடுறேன். போன மாசம் எவெலியோ போயிட்டார். பழைய ஆளுங்க எல்லாரும் கத்தியோட வந்தாங்க, பெட்டியை எறக்கும்போது கல்லறைச் சுவர்ல தட்டினோம். அப்புறம் ஒரு கூத்து. எல்லாரும் வரிசையா என்கிட்ட வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. மனசைத் தேத்திக்கோன்னாங்க. மிக்தாலியா என்னைக் கட்டிப்பிடிச்சு ஓன்னு அழறா. அங்க அவர் தங்கச்சி தனியா நிக்கிறாங்க, அவங்ககிட்டப் போகாம இவங்க எதுக்கு என்கிட்ட வர்றாங்கன்னு எனக்கு ஒண்ணும் புரியல. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினப்புறமும் புரியல. அந்தக் கதையை ஒரு தரம் படிக்கணும்னு மட்டும் தோணுச்சு. அதான் உங்க கடைக்கு வந்தேன்.

வேற பதிப்பு பாத்தீங்களான்னா கேக்குறீங்க? பாத்தேன். லைப்ரரியில ஒண்ணு பாத்தேன், ஒரு வாத்தியார் வீட்டுல ஒண்ணு. எதுலயும் இல்ல. இருக்காதுன்னு தெரியும். எழுபது வயசாச்சு, அவ்வளவு மக்கு இல்ல நான். ஆனா தம்பி, நீங்க புஸ்தகம் விக்கிறவர், நீங்க சொன்னா ஒரு இதுவா இருக்கும். அச்சுல விட்டுப் போச்சும்மான்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். எங்கயோ ஒரு பழைய பதிப்புல அந்த ஜன்னல்காரி இருக்கா, அவ வேற யாரோ, அவளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லேன்னு. அப்பிடிச் சொல்லிட்டீங்கன்னா நான் எழுந்து போயிடுவேன்.

சொல்ல மாட்டீங்க. சரி, பரவாயில்ல. நல்ல புள்ள நீங்க, பொய் சொல்ல வரல உங்களுக்கு. புஸ்தகத்தைக் கொடுங்க, நானே எடுத்துட்டுப் போறேன், மாத்த வேண்டாம்.

எந்திரிக்கக் கொஞ்சம் கை கொடுங்க. ம். ஒரு தடவை அவரே கேட்டார் தெரியுமா. காப்பி குடிக்கிற எடத்துல, நாங்க ரெண்டு பேருதான். அந்தக் கதை முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு. சரி ஒர்தென்சியா, எழுதினவன் கெடக்கான், நீ சொல்லு, அவ ஜன்னலைத் திறந்திருப்பாளான்னார். நான் காப்பியை ஊதிக்கிட்டே சிரிச்சேன். அந்தப் பனியில எந்த முட்டாளாவது ஜன்னலைத் திறப்பாளா, இழுத்துச் சாத்திட்டுப் படுத்திருப்பாய்யான்னேன்.

ஆமா, குளிருதான், அதை நான் யோசிக்கலன்னார். கப்பைக் கழுவிக் கவுத்து வெச்சார். மேடை ஏறிப் போய்ப் புதுக் கதையை ஆரம்பிச்சார். முதல் பக்கமே ரொம்ப நல்லா இருந்துச்சு. எல்லாரும் கத்தியைத் தட்டினாங்க. நானும்தான் தட்டினேன்.