ஹில்லா தலைமேல சிவப்புச் சிலுவை

கதவச் சாத்திட்டு அடுப்புகிட்ட வாங்க. இது என் சகலையோட அண்ணன் டில்மானுக்கு நடந்தது. நம்ம கொலோன் ஊர்லதான் கோயில்களுக்குப் படம் வரையுறாரு. பொண்டாட்டிக்கே பயப்படாத ஆளு, பாத்துக்கங்க.

விளக்கு வைக்கிற நேரம். ரைன் கரையோரம் கோயிலுக்குப் போற பாதை... ஆள் அரவமே இல்ல. கையில கோயில் சாவி. மூணாவது தடவையா போறாரு.

அவரு தங்கச்சி நேஸாவ கோடர்ட்டுங்கிறவருக்கு ரெண்டாந்தாரமா குடுத்திருந்தாங்க. மூத்தவ ஹில்லா செத்து மூணு வருஷம். கோடர்ட் கோயிலுக்கு ஒரு படம் வரையச் சொன்னாரு. நடுவுல சிலுவையில இயேசு. ஒரு பக்கம் கோடர்ட். எதிர்ப்பக்கம் ரெண்டு பொண்டாட்டியும் முட்டி போட்டு... முன்னால மூத்தவ, பின்னால இளையவ. செத்தவங்க தலைமேல சின்னதா சிவப்புச் சிலுவை போடுறது வழக்கம் இல்லையா, அத ஹில்லா தலைமேல போட்டாரு.

படத்த மாட்டின மறுநாளே அந்தச் சிலுவை நேஸா தலைமேல இருந்துச்சு. ஈரமா... எண்ணெய் வாசனையோட. அன்னிக்கே நேஸா படுத்துட்டா. கைகால் சில்லுன்னு ஆயிடுச்சு. இவரு சுரண்டி எடுத்து ஹில்லா தலைமேலயே திரும்பப் போட்டாரு. உடனே நேஸா எந்திரிச்சு கஞ்சி குடிச்சா. ரெண்டே நாள்ல மறுபடியும் அதே கதை. இவரும் மறுபடி மாத்திப் போட்டாரு.

டில்மானுக்கு கோடர்ட் வீட்டு வேலைக்காரி மேல சந்தேகம். ஹில்லாவ வளத்தவ. நேஸாவக் கண்டாலே மூஞ்சியத் திருப்புவா. ஹில்லாவோட மக பீலாவும் நேஸா கையால ஒரு வாய் திங்காது. எல்லாம் வேலைக்காரி ஏத்திவிட்டதுன்னு டில்மான் நெனச்சாரு. நேராவே கேட்டுட்டாரு.

"எனக்குத் தூரிகை புடிக்கவே தெரியாதுங்க"ன்னா அவ. "ஆனா ஹில்லாம்மாவால பிள்ளைய விட்டுட்டு இருக்க முடியாது."

இவரு நம்பல. அதான் கோயில் சாவிய இவரே வாங்கி வச்சுக்கிட்டாரு.

அன்னிக்கு அந்தச் சாவியால தொறந்து உள்ள போனாரு. மெழுகு வாசனை. எங்கயோ துணி உரசுற சத்தம்... நின்னுபோச்சு. விளக்கத் தூக்கினாரு. முன்னால முட்டி போட்டவ தலைமேலதான் சிலுவை. இருக்க வேண்டிய இடத்துலயே. அப்பாடான்னு இருந்துச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு கிட்ட போய்ப் பாத்தாரு.

சிலுவைக்குக் கீழ நேஸா முகம்.

பின்னால யாருமே இல்ல. வெறும் புல்லு... அவரு வரையாத புல்லு.

கோடர்ட் வீட்டுக்கு ஓடுனாரு. அடுப்படியில நேஸா உக்காந்திருந்தா. மடியில பீலா, வாய் நிறைய அவ ஊட்டின ரொட்டி. உயிரோட இருக்காளேன்னு இவருக்கு அழுகையே வந்துடுச்சு. அவ நிமிந்து, மரியாதையாத்தான் கேட்டா...

"யாருங்க நீங்க?"

வழி விட எந்திரிச்சா. அன்னிக்குத்தான் கட்டின புதுப் பாவாடை. ரொம்ப நாளா முட்டி போட்டே இருந்தவளோடது மாதிரி, முட்டி படுற ரெண்டு இடமும் தேஞ்சு, நூல் நூலா தொங்குச்சு.