முந்தைய முகவரி

"மாமா, வீடு மாறிட்டா, பழைய வீட்டுல இருந்த நாம எங்க போவோம்?"

மாடிக்குக் குடிவந்த குழந்தை வந்த வாரமே என்னிடம் இப்படிக் கேட்டாள். அவளைக் குருவி என்று கூப்பிடுவார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றேன். "அப்ப சம்பளத்துல பாதி எனக்கு" என்றாள்.

நீங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தவர். எங்கள் பிரிவில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டீர்கள். ஒருவர் கடனோ வாடகை வீடோ கேட்டால், அவர் நம்பத்தகுந்தவரா என்று நம் கடன் தகவல் நிறுவனத்திடம் விசாரிக்கிறார்கள். மனிதர்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பழைய முகவரியில் இருந்தவரும் புதிய முகவரியில் இருப்பவரும் ஒருவர்தானா என்று கணினிக்குச் சந்தேகம் வந்தால், அது என் மேசைக்கு வரும். ஒருவர்தான் என்று நான் இணைத்தால், அவர் ஒழுங்காகக் கட்டிய வாடகையும் அடைத்த கடனும் அவர் பின்னாலேயே வந்து சேரும். வேறு ஆள் என்று பிரித்தால் வராது. அன்றுதான் பிறந்தவரைப் போல வெறுங்கையோடு நிற்பார்.

ஒவ்வொரு நாளும் கும்பிட்டுவிட்டுத்தான் கணினியைத் திறப்பேன். முன்பின் தெரியாதவர்களின் வாழ்க்கையை அறுந்துபோகாமல் முடிந்துவைப்பது ஒரு சிறிய தர்மம் என்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

எனக்கு மனைவி, மக்கள் இல்லை. பெற்றோர் போய்விட்டார்கள். கீழே நான். மாடிக்குத் தனிக் கதவிலக்கம், தனிப் படி. அங்கே குருவியும் அவள் அம்மாவும் வந்தார்கள். அம்மா கண் மருத்துவமனையில் தாதி. கணவர் இறந்துபோயிருந்தார். அவளைப் பற்றி நான் எதையும் விசாரிக்கவில்லை. வாடகையையும் கையில்தான் வாங்கினேன். பழகிய மனிதர்களுக்குள் ரசீது எதற்கு?

அந்த மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் முற்றி நினைவு தப்பியது. அவள்தான் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். படிவத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில், 'தங்கை' என்று எழுதியிருந்தாள். கண் விழித்ததும் அதைத்தான் பார்த்தேன்.

"வேற என்ன எழுதறது அண்ணா? வாடகைக்கு இருக்கேன்னு எழுதினா உள்ளயே விடமாட்டாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு சொல்லை அதுவரை யாரும் எழுதியதில்லை.

குருவிக்கு வலது காது கேட்காது. இடது காதும் வரவரக் குறைந்துகொண்டிருந்தது. கேட்கும் சக்தி கொஞ்சமாவது மிச்சமிருக்கும்போதே உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழக்கும் பள்ளி ஒன்று வேறு ஊரில் இருந்தது. ஏழு வயது முடிவதற்குள் சேர வேண்டும், அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும். அம்மாவுக்கு அங்கே வேலையும் கிடைத்துவிட்டது. வீடுதான் பார்க்க வேண்டும்.

"ஸ்கூல்ல இடம் கிடைச்சிடுச்சு அண்ணா" என்று படியில் ஓடிவந்து சொன்னாள். ரொம்ப சந்தோஷம் என்றேன். அன்று அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே சமைத்தேன்.

மறுநாள் அவள் கோப்பைத் திறந்தேன். தெரிந்தவர்களின் கோப்பைத் தொடக்கூடாது என்பது விதி. அதை நான் மறக்கவில்லை. ஆனால் அவளைத் தெரிந்தவள் என்று நான் நினைக்கவில்லை; உறவு என்று நினைத்தேன். அவள் முன்பு குடியிருந்த வீடுகளை என் வீட்டு மாடியிலிருந்து பிரித்தேன். 'ஒரே பெயர், வேறு ஆள்' என்று காரணம் கொடுத்தேன். ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

அதன்பிறகு அந்த ஊரில் யாரும் அவளுக்குச் சாவி கொடுக்கவில்லை. ஒரு வீட்டுக்காரர் தொலைபேசியில் சொன்னது எனக்கே கேட்டது. "ஆளைப் பார்த்தா நல்லவங்களாத்தான் தெரியுது. ஆனா நீங்க இதுக்கு முன்னாடி எங்கயுமே இருந்த மாதிரி தெரியலையேம்மா."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு, "கேட்டீங்களா அண்ணா? இந்த வயசுல இப்பத்தான் முளைச்சிருக்கேனாம்" என்றாள். பிறகு, "உங்க ஆபீஸ்லதானே இதெல்லாம்? என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை போட்டு விடக்கூடாதா?" என்றாள்.

திருத்தம் கேட்டு மனு எழுதிக் கொடு, நானே சேர்த்துவிடுகிறேன் என்றேன். எழுதிக் கொடுத்தாள். பதில் வரவில்லை என்று இன்னொன்றும் எழுதினாள். அவற்றை நான் கிழிக்கவில்லை. அவ்வளவு இரக்கமில்லாதவன் அல்ல. சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன்.

அந்த மாதங்களில் அவர்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மாடிப்படிக்கு விளக்குப் போட்டேன். அவளுக்கு இரவு வேலை என்றால் குழந்தையை நான் பார்த்துக்கொண்டேன். வீடு கிடைக்காமல் அவள் அழுத நாளில், இங்கே எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இரும்மா என்றேன். "நீங்க மட்டும் இல்லைன்னா நாங்க தெருவுலதான் அண்ணா" என்றாள். அது பொய் என்று நீங்கள் சொல்லலாம். அவள் மனதாரச் சொன்னாள்.

குருவிக்கு ஏழு வயது முடிந்தது. பள்ளியில் அந்த இடத்தை வேறு குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறந்தநாள் கேக்கை வெட்டிவிட்டு அம்மா பின்கட்டுக்குப் போய்விட்டாள். நான் குழந்தையிடம், இன்னொரு துண்டு வேண்டுமா என்று கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "மாமா, சத்தமாச் சொல்லு" என்றாள். சத்தமாகச் சொன்னேன். "பரவால்ல மாமா" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு விடுமுறை நாளில் அலுவலகத்துக்குப் போனேன். காவலாளி சாப்பிடப் போயிருந்தார். பிரித்ததை எல்லாம் திரும்ப இணைத்தேன். ஏன் இணைத்தீர்கள், சும்மா விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே என்று காலையில் கேட்டீர்கள். காய்ச்சலில் கிடந்தவனுக்கு அவள் தங்கையாக இருந்தாள். அந்தக் கடன் எனக்கு இருந்தது. யாரும் பார்க்காமல் அடைத்தேன். அடைப்பதற்கு அதுதான் அழகு.

வேறு பள்ளியாவது கிடைக்காதா என்று அவள் அந்த ஊருக்கே போனாள். இந்த முறை கேட்ட முதல் வீடே கிடைத்தது. "உங்க வேண்டுதல்தான் அண்ணா" என்றாள். நான் மறுக்கவில்லை. லாரியில் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த குருவியைக் கூப்பிட்டேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கமாகப் போய்க் கூப்பிட்டும் திரும்பவில்லை.

பிரித்தது நான்தான். குழந்தையின் காதில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தே, அது போகட்டும், அவர்கள் இருந்தால் போதும் என்று பிரித்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவள் கோப்பில் 'முந்தைய முகவரி' என்ற இடத்தில் இப்போது என் வீடு இருக்கிறது. இனி அவள் எங்கே குடிபோனாலும் அது கூடவே போகும். நான் செய்தது தெரிந்ததும், அதை எடுத்துவிடச் சொல்லி அவளே எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். கோபத்தில் எழுதியிருப்பாள். தங்கை என்றால் அப்படித்தான்.