கரடி தீர்த்துவைத்த சண்டை

உன்னிச்சையிலிருந்து வரும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

“எங்கட சண்டையத் தீர்த்து வெச்சது கரடி, மச்சாள்.”

“கரடியா?”

“ஓம். ஒரு கிழமையா அவரும் நானும் கதைக்கிறல்ல. பாலைப்பழம் புடுங்கக் காட்டுக்குப் போகக்குள்ளயும் ரெண்டு பேரும் ஊமைதான். சத்தம் கேட்டிருந்தா கரடி தானா விலகியிருக்கும். மரத்தடியில குட்டியோட நிண்டது, எங்களக் கண்டதும் ரெண்டு காலில எழும்பிட்டுது.”

“ஐயோ! ஓடினீங்களா?”

“ஓட வெளிக்கிட்டன். அவர் என்னைப் புடிச்சி, ‘ஓடாத புள்ள, அதப் பார்த்தபடி மெல்லப் பின்னுக்கு வா’ எண்டார். கொஞ்சத்தில அது குட்டியை முதுகில ஏத்திக்கிட்டுப் போயிட்டுது.”

“பிறகு?”

“வேற கரடி நிண்டாலும் கேக்கட்டும் எண்டு, றோட்டு வரைக்கும் சத்தமாக் கதைச்சிக்கிட்டே வந்தம். வீட்டுக்கு வந்தும் நிப்பாட்டல்ல.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.