பின்சீட்டு ஆள்

“சோப்பு கிடைக்காத ஊர்லதான் மாப்ளே நான் நல்லாத் தூங்கினேன்.”

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்தவர் சொன்னார். ஆப்பிரிக்காவில் துணிக்கடைகளில் வேலை பார்த்துத் திரும்பியவர். பக்கத்தில் அவருடைய மச்சினன், அடுத்த மாதம் அங்கே கிளம்புகிறவன்.

“கானாவுல சோப்பு கிடையாது, ரொட்டிக்குக்கூட க்யூ. கரண்ட் இருக்காது. ஆனா ஜனங்க இருட்டுல உக்காந்து கவர்மெண்ட்டைத் திட்டிச் சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க.”

“பக்கத்து நாடு டோகோ எப்படி மச்சான்?”

“அங்க எல்லாம் கிடைக்கும். ரோடு பூரா லைட்டு. யாரும் பேசத்தான் மாட்டாங்க.”

“அப்ப டோகோவுக்கே போறேன். பேச்சா சோறு போடுது?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். அங்க நான் வேலை பாத்த கடைவாசல் பெஞ்சுல ஒருத்தர் தினம் வந்து உக்காருவாரு. எதுவும் வாங்க மாட்டாரு, பேச மாட்டாரு. என்கூட வேலை செஞ்சவன் ஒருநாள் விலைவாசி ஜாஸ்தின்னு முணுமுணுத்தான். மறுநாள்லேருந்து அவன் வரல. அவன் குடை ஆணியிலேயே தொங்குச்சு. எங்கன்னு யாரும் கேக்கல. நானும் கேக்கல.”

“பெஞ்சுல இருந்தவரு?”

“வழக்கம்போல வந்து உக்காந்தாரு.”

சொன்னவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“பின்னாடி இருக்கிறவரு உனக்குத் தெரிஞ்சவரா?”

மச்சினனும் திரும்பிப் பார்த்தான். இல்லை என்று தலையசைத்தான். பஸ்ஸில் பாதி சீட்டு காலியாக இருந்தது. திருவண்ணாமலை வரும்வரை இருவரும் பேசவே இல்லை.