கடைசி வார்த்தை போதும்

– “காலையில் அலாரம் அடித்தது. அம்மா எழுந்தாள். பால் காய்ச்சினாள். அப்பா பல் தேய்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. அம்மா போர்வையை இழுத்தாள். நான் எழுந்தேன். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டார். அம்மா ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள். யாரும் பேசவில்லை. அப்பா வண்டிச் சாவியைத் தேடினார். சாவி டிவி மேல் இருந்தது…”

– போதும் வாலு. இன்னும் எவ்வளவு இருக்கு?

– இது முன்பக்கம்தான்ப்பா. பின்னாடியும் இருக்கு.

– சுருக்கி எழுதணும்னுதானே டீச்சர் சொன்னாங்க?

– முதல்ல முழுசா எழுதணும். அப்புறம் எலும்பு எடுக்கணும். எலும்ப வெச்சுத்தான் சுருக்கம் எழுதணும். உனக்கு ஒண்ணுமே தெரியலப்பா.

– தலைய ஆட்டாதடி. பின்னல் கோணலாப் போகுது. அப்புறம் தெருவுல யாராவது கேட்டா உங்க சித்திக்கு ஜடை போடத் தெரியாதான்னு என் மானம்தான் போகும். மாமா, என்ன படிப்பு இது, எலும்பு கிலும்புன்னு?

– கதையோட எலும்பு, சித்தி. யாரு, எங்க, என்ன நடந்துச்சு, ஏன் நடந்துச்சு, கடைசியில என்ன ஆச்சு. அவ்வளவுதான். மத்ததெல்லாம் சதை.

– நாங்கல்லாம் கதை கேட்டோம், தூங்கினோம். எலும்பு எண்ணல.

– நீ சும்மா இரு. மணியாகுது. வாலு, அந்தப் பேப்பரக் கொடு, நான் சுருக்கித் தரேன்.

– வேண்டாம். போன வாரம் யானை குடை வாங்கின கதைய நீதான் சுருக்கிக் குடுத்த. டீச்சர் கீழ சிவப்புல எழுதிட்டாங்க, “யானை எங்கே?”ன்னு.

– யானையவே காணோமா? அட போங்க மாமா. அவ்வளவு பெருசு, அது எப்படிக் கண்ணுல படாமப் போச்சு?

– குடைதான் முக்கியம்னு நினைச்சேன்.

– அதான் டீச்சர் விரல் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஒரு வரிய விரலால மறைக்கணும். மறைச்சும் கதை புரிஞ்சா அந்த வரி வேண்டாம். புரியலன்னா அது எலும்பு. இப்பப் பாரு. “அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டார்.” மறைச்சாச்சு. புரியுதா?

– புரியுது.

– அப்ப அடிச்சுடலாம். “ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள்.” புரியுதா?

– புரியுது.

– “யாரும் பேசவில்லை.”

– அதையும் அடி.

– இருங்க மாமா, என்ன அவசரம்? அதை மறைச்சா எனக்குப் புரியல. எங்கக்கா காலையில எழுந்தா வீட்டுல ரேடியோ வேண்டாம், அப்படிப் பேசுவா. அவ இருக்கிற வீட்டுல யாரும் பேசலன்னா ஏதோ நடந்திருக்கு. ஆமா, இது எந்த நாளுடி?

– அம்மா செத்துப்போன நாள்.

– அதையாடி எழுதியிருக்க?

– வீட்டுல நடந்த ஒரு விஷயத்த எழுதச் சொன்னாங்க சித்தி. அதான்.

– அதுக்கு இதுதான் கிடைச்சுதா உனக்கு? குழாய் உடைஞ்சு சமையலறை பூரா தண்ணியாச்சே, உங்கப்பா பக்கெட்ட தலையில கவுத்துக்கிட்டு நின்னாரே. அதை எழுதேன், சிரிப்பாவாவது இருக்கும்.

– அதுல “ஏன்” ரொம்ப ஈஸி. துரு. டீச்சர் சொன்னாங்க, ஏன்னு தெரியாத கதையா எடுங்க, எலும்பு எடுக்க எடுக்கத் தெரிஞ்சுடும்னு. இதுல எனக்கு “ஏன்” தெரியல. அப்பா, உனக்குத் தெரியுமா?

– வாலு, போய் சாக்ஸ் எடுத்துட்டு வா.

– சாக்ஸ் காயல.

– அப்பக் காஞ்சது எதுன்னு பாத்து எடுத்துட்டு வா.

– போடி, அப்பா சொல்றாருல்ல. ரிப்பன் அப்புறம் கட்டிக்கலாம்… ஏன் மாமா அன்னிக்கு யாரும் பேசல?

– முந்தின நாள் வாக்குவாதம்.

– எதுக்கு?

– வீடு மாத்தலாம்னேன். என் ஆபீஸ் பக்கமா. வேண்டாம்னா.

– அவ்வளவுதானா?

– நான் ஒண்ணு சொன்னேன். இஷ்டமில்லன்னா உன் தங்கச்சி வீட்டுல போய் இருந்துக்கோன்னு.

– அப்ப நான் நினைச்சது சரிதான். என் வீட்டுக்குத்தான் கிளம்பியிருக்கா.

– தெரியல.

– நல்ல புடவை. கால்ல செருப்பு. வீட்டப் பூட்டி சாவிய கையில வெச்சிருந்தா. மடியில பை. மாடிப்படியில சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. கீழ்வீட்டுக்காரம்மா தூங்குறான்னு நினைச்சு ரெண்டு தடவை தாண்டிப் போயிருக்காங்க. உடம்பு முடியாதவ உள்ள படுத்துக்க மாட்டாளா? வீட்டப் பூட்டிட்டு வெளிய வந்து எதுக்கு உக்காரணும்?

– தெரியல.

– எது கேட்டாலும் தெரியல. டாக்டர் இதயம்னாரு, அது சரி. நான் அதைக் கேக்கல. எங்க கிளம்பினா? கடைக்கா?

– கடைக்கு நல்ல புடவை கட்ட மாட்டா.

– வர்றேன்னு எனக்கு ஒரு ஃபோன் பண்ணல. அதுதான் இடிக்குது. சொல்லாம வர்ற ஆளில்ல அவ. வந்து சேர்றதுக்குள்ள என்ன சமைச்சேன்னு வரைக்கும் கேட்டுடுவா.

– கிளம்பினது நிஜம்தான். ஆனா போகவும் இல்லையே. படியிலயே ஏன் உக்காந்தா?

– யோசிச்சிருப்பா. போகலாமா வேண்டாமான்னு.

– நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

– எப்பலேர்ந்து?

– தினமும்.

– மாமா, கோவத்துல கிளம்பினாலும் சாயங்காலம் நானே கொண்டுவந்து விட்டிருப்பேன். உங்கள விட்டுட்டு எங்க இருப்பா அவ?

– அது எனக்குத் தெரியணும். அவ்வளவுதான். போறவளா இருந்தாளா, இருக்கிறவளா இருந்தாளா. ரெண்டுல ஒண்ணு.

– அப்பா, ஒரு சாக்ஸ்தான் காஞ்சிருக்கு.

– இன்னொண்ணு ஈரமாவே போட்டுக்கோ.

– வேற வேற மாதிரி இருக்கும், காலுக்கு.

– ஷூவுக்குள்ள யாரு பாக்கப் போறாங்க? உக்காரு, ரிப்பன் கட்டறேன். சரி, அந்தப் பின்பக்கத்தையும் படிச்சுக் காட்டு. சித்தி எலும்பு எடுக்கிறேன்.

– பின்பக்கம் நான் ஏற்கனவே சுருக்கிட்டேன். “அப்பா ‘ஏறு’ என்றார். நான் ஏறினேன். அப்பா ஹெல்மெட் போட்டார். வண்டியைக் கிளப்பினார். அம்மா வாசலுக்கு வந்தாள். ‘விட்டுடுங்க’ என்றாள். அப்பா ‘சரி’ என்றார். நாங்கள் போனோம்.”

– என்னது? இன்னொரு தடவை படி.

– “அம்மா வாசலுக்கு வந்தாள். ‘விட்டுடுங்க’ என்றாள்.”

– எங்கக்கா அப்படியா சொன்னா?

– சொன்னா.

– மாமா, நான் உங்களக் கேக்கறேன்.

– சொன்னா. காதுல விழுந்துச்சு.

– இவ்வளவு நாளா யார்கிட்டயும் நீங்க இதைச் சொல்லவே இல்லையே.

– என்னன்னு சொல்றது? உங்கக்கா என்னை விட்டுடுங்கன்னா, நான் சரின்னுட்டு ஆபீஸ் போயிட்டேன்னா?

– விட்டுடுங்கன்னா அதுதானா அர்த்தம்? சண்டைய விட்டுடுங்கன்னு சொல்லியிருக்கலாம். வீடு மாத்துற பேச்ச விட்டுடுங்கன்னு சொல்லியிருக்கலாம்.

– அப்படின்னா புடவை எதுக்கு? பூட்டு எதுக்கு?

– அப்ப என்னை விட்டுடுங்கன்னுதான்னு வெச்சுக்கிட்டா… அப்படிச் சொல்றவ வாசல் வரைக்கும் வந்தா சொல்லுவா? மூஞ்சிய எப்படி வெச்சிருந்தா?

– திரும்பிப் பாக்கல.

– பாக்கலையா?

– கோவத்துல இருந்தேன். சரின்னேன். அதுவும் சண்டைய விடத்தான் சொல்றான்னு நினைச்சுத்தான் சரின்னேன். சாயங்காலம் பூட்டையும் செருப்பையும் பாத்த அப்புறம்தான் வேற மாதிரி கேக்க ஆரம்பிச்சுது.

– எனக்கு ஒண்ணும் பிடிபடல மாமா. போட்டுக் குழப்புது.

– எனக்கும்தான்.

– அப்பா, அந்த வரிய அடிச்சுடவா? விரல் வெச்சுப் பாத்தேன். அம்மா வந்தா, நாம போயிட்டோம். அது இல்லாமலும் புரியுது.

– அடிக்காத. இருக்கட்டும்.

– ஆனா இருந்தா உங்க ரெண்டு பேருக்கும் புரியலையே. நான் சுருக்கினது தப்பா?

– நீ எதைச் சுருக்கின?

– பேச்ச. கதையில யாராவது பேசினா முழுசா எழுதக் கூடாது. டீச்சர் சொன்னாங்க, தமிழ்ல வினைச்சொல் கடைசியில வந்து நிக்கும், விஷயம் அதுலதான் இருக்கும்னு. அதனால எல்லாரோட பேச்சுலயும் கடைசி வார்த்தைய மட்டும் வெச்சேன். நீ அன்னிக்கு, “லேட்டாச்சு, பைய முன்னாடி போட்டுக்கிட்டு கால இடிக்காம ஏறு”ன்ன. நான் “ஏறு”ன்னு எழுதியிருக்கேன். சரியா வருதுல்ல?

– வாலு. இங்க பாரு. அம்மா சொன்னதும் அது மாதிரி பெருசா இருந்துச்சா?

– ஆமா. ரெண்டு வரி. எழுதிட்டு அழிச்சேன்.

– மாமா, உங்களுக்கு அது கேக்கலையா?

– வண்டி ஓடிக்கிட்டிருந்துச்சு. ஹெல்மெட். கடைசி வார்த்தைதான் கேட்டுச்சு.

– நீ சரின்னியேப்பா. நான் உனக்கு எல்லாம் கேட்டுச்சுன்னு நினைச்சேன். என்னை இறக்கிட்டு நீ திரும்பி வீட்டுக்குத்தான் போறேன்னு நினைச்சேன்.

– நான் ஏன் திரும்பி வரணும்?

– அம்மா அதைத்தானே சொன்னா.

– அடி, சுத்தி வளைக்காம சொல்லேன். அப்பா மூஞ்சியப் பாரு.

– நீ அவளை விரட்டாத. வாலு, எலும்பு வேண்டாம். எதையும் விடாத. அம்மா எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லு.

– “நெஞ்ச என்னமோ பண்ணுதுங்க, நான் புடவை மாத்திக்கிட்டு படியில உக்காந்திருக்கேன். பாப்பாவ இறக்கிட்டு நேரா வந்து, என்னை ஆஸ்பத்திரியில விட்டுடுங்க.”