நடுப்பூ

மாலை ஆறே முக்கால். துறைமுகத்திலிருந்து மேட்டின் மேலிருக்கும் எங்கள் ஊருக்கு ஏறும் சாலை. ஆத்தியூ தீவில் அந்த நேரத்தில் அந்தச் சாலையில் நண்டு போகும்... ஆள் போகாது.

விளக்கைக் கிட்டே நகர்த்துங்கள். துவாயினே, நீயும் வா. உன் அம்மா பெட்டிக்குள் படுத்திருக்கிறாள், விடிந்தால் அடக்கம். "அம்மா தைச்ச போர்வையில ஒண்ணை மட்டும் குழிக்குள்ள போடாம நான் வச்சுக்கிட்டா என்ன?" என்று சாப்பிடும்போது கேட்டாயே, அதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

என் தோழி அகாயிதியின் அண்ணன் தமதோவாவுக்கு நடந்தது இது. அன்று துறைமுகத்தில் உலாவிவிட்டு அந்தச் சாலையில் திரும்பும்போது அவன் மோட்டார் பைக் ஓட்ட, பின்னால் மகள் மொயெரோவா. இருபத்திரண்டு வயது, இடுப்புவரை கறுப்பு முடி, மத்தியான விமானத்தில் ஆக்லாந்திலிருந்து வந்தவள். மறுநாள் அவள் பாட்டி தெபாயேருவுக்குக் கல்லறைக் கல் திறப்பு. செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

தெபாயேரு எங்கள் தையல் கூட்டத்தின் உயிர். துணியை எட்டாக மடிப்பாள். கோடு போட மாட்டாள். பாடிக்கொண்டே கத்தரிப்பாள், விரித்தால் தோட்டமே இருக்கும். பேரப்பிள்ளைகள் பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு போர்வை தைத்தாள். நூல் தீர்ந்தால் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி ஊசியில் கோர்த்துவிடுவாள். "இதுல நானும் இருக்கேன் பாரு" என்று சிரிப்பாள். நூலைப் பல்லால்தான் கடிப்பாள். ஆனால் அவள் வேலையில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒருமுறை அவள் போர்வையில் ஒரு இலையை நான் தைத்துவிட்டேன். ஊசியை என் புறங்கையில் இறக்கிவிட்டுத் தையலைத் தொடர்ந்தாள்.

கடைசியாகத் தனக்கென்று ஒன்று ஆரம்பித்தாள். வெள்ளையில் சிவப்புச் செம்பருத்தி. "இது என்கூடக் குழிக்குள்ள வரணும்" என்றாள். நடுப்பூ மட்டும் பாக்கி இருந்தபோது, ஊசி துணியில் நிற்க, அப்படியே சாய்ந்துவிட்டாள்.

தமதோவா அதைக் குழிக்குள் போடவில்லை.

"பாதி தைச்சதை எப்படிப் போடறது? முடிச்சு, கல் திறக்கிற அன்னிக்குக் கல்லு மேல போத்தறேன்" என்று எல்லாரிடமும் சொன்னான். அம்மாவைக் கடைக் கம்பளியில் சுற்றிப் புதைத்தான். உண்மை என்ன தெரியுமா? அதில் அம்மா வாசனை இருந்தது. வருஷம் முழுக்க அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்கினான், பாவி. நடுப்பூவைத் தைத்துக் கொடுங்கள் என்று எங்களிடம் வந்து நின்றான். எங்களில் ஒருத்தியும் ஊசியைத் தொடவில்லை. இதற்கிடையில் மகள் போனில் கேட்டாள், "கல்லு திறந்ததும் அதை எனக்குக் குடுப்பா." இவனும் சரி என்றுவிட்டான்.

பாதி மேட்டில் காற்று சில்லென்று அடித்தது.

"குளிருதுப்பா."

"பையில பாட்டி போர்வை இருக்கு, உனக்குக் காட்டத்தான் கொண்டாந்தேன். எடுத்துப் போத்திக்க."

போர்த்திக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனார்கள். தியாரே பூ போட்டுக் காய்ச்சிய, தெபாயேரு தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய் வாசனை வந்தது... அப்புறம் ஒரு சத்தம். சர்க்... சர்க்... நூல் துணிக்குள் இழுபடும் சத்தம்.

"அப்பா... யாரோ என் முடியைப் பிடுங்கறாங்க."

"காத்துடி."

"காத்து இல்லப்பா. எனக்குப் பின்னாடி உக்காந்திருக்காங்க."

அவன் திரும்பினான். வண்டி கவிழ்ந்தது.

எழுந்து பார்த்தால் போர்வை சாலையில் உருண்டுகொண்டிருக்கிறது. உள்ளே மகள். கழுத்துவரை சுற்றி இறுகியிருக்கிறது, தலை மட்டும் வெளியே. அதை ஏதோ தூக்கிப் பவழப்பாறையில் அடித்தது. ஒருமுறை... மறுபடியும். வெள்ளைத் துணியில் ரத்தம் ஊறி, பூ எது ரத்தம் எது என்று தெரியவில்லை. சர்க்... சர்க்... அது மட்டும் நிற்கவில்லை.

இடுப்பில் இருந்த காட்டுக்கத்தியை உருவிப் போர்வையின் ஓரத்தில் வெட்டினான். கத்தி துணியில் இறங்கவில்லை. வழுக்கி வந்து அவன் இடது கையில் இறங்கியது. இரண்டு விரல் அங்கேயே போயிற்று. சந்தேகம் இருந்தால் நாளைக்கு அடக்கத்துக்கு வருவான், இடது கையைப் பிடித்துப் பாருங்கள்.

மண்டியிட்டு விழுந்தான். "அம்மா... அது உன்னோடதும்மா. விடியறதுக்குள்ள உன்கிட்டக் குடுத்துடறேன். என் பொண்ணை விட்டுடும்மா."

சத்தம் நின்றது.

டிக்.

பல்லால் நூல் கடிக்கும் சத்தம். அப்புறம் போர்வை தானாகத் தளர்ந்தது.

அலறல் கேட்டு டார்ச்சோடு ஓடியவர்களில் நானும் ஒருத்தி. மொயெரோவாவுக்கு மூச்சு இருந்தது. மூன்று விலா எலும்பு முறிவு. உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முடிகூட இல்லை, வெறும் சதை. நான்தான் போர்வையை விரித்துப் பார்த்தேன். நடுப்பூ முடிந்திருந்தது. சின்னச் சின்னத் தையல், தெபாயேருவின் தையல். கறுப்பு நூல் என்று நினைத்துத் தடவினேன்... நூல் இல்லை.

இரவோடிரவாகக் கடப்பாறையால் கல்லறைச் சிமெண்டை உடைத்து அதை உள்ளே வைத்தோம். தமதோவா விரல் போன கையோடு அவனே இறங்கிப் போர்த்தினான். குழந்தை மாதிரி அழுதான்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

நேற்று மொயெரோவா போனில் பேசினாள். உச்சந்தலையில் முடி முளைத்துவிட்டதாம். வெள்ளை முடி. பாட்டிக்கு இருந்த அதே சுருட்டை. ஆனால் தினம் காலையில் அதில் ஒன்றிரண்டு குறைகிறதாம்.

தலையணையிலும் தேடிப் பார்த்திருக்கிறாள். கிடைப்பதில்லையாம்.