அடுப்புக்குத் தீனி

பெல்லட் மூட்டை வாங்குகிறவர்கள் மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். நான் மூட்டையைத் தூக்கிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பேன். தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகள்தான் பெல்லட். நல்ல பெல்லட் சலசலக்கும். தூள் அதிகமிருந்தால் சத்தம் மந்தமாக வரும். பத்தொன்பது வருடமாகக் கால்நடைத் தீவன ஆலையில் ஃபிட்டராக இருக்கிறேன். மாட்டுக்குப் போகிற பெல்லட்டுக்கும் அடுப்புக்குப் போகிற பெல்லட்டுக்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசம் கிடையாது.

நீங்கள் கேட்டது தங்கை வீட்டு அடுப்பைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன் சார்.

அது மாப்பிள்ளை வாங்கியது. தங்கை புருஷனை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஆறு வயது இளையவர், ஆனாலும் வாங்க போங்கதான். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். வீட்டுக்குள் பேசினால்கூட மைதானத்தின் அந்தப் பக்கம் நிற்பவனுக்குக் கேட்பது மாதிரிதான் பேசுவார். நல்ல மனிதர். இதை எழுதிக்கொள்ளுங்கள், அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

கோழி சுடுகிற கிரில் அடுப்புதான், ஆனால் கரி போட்டு விசிறுகிற வகை இல்லை. பக்கவாட்டில் ஒரு தொட்டி இருக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டை அதில் கொட்டிவிட வேண்டும். தொட்டிக்கு அடியில் ஒரு திருகு மெதுவாகச் சுழன்று, கொஞ்சம் கொஞ்சமாகப் பெல்லட்டை இழுத்துக்கொண்டு போய் நடுவிலுள்ள தீக்கிண்ணத்தில் போடும். ஒரு சின்ன விசிறி காற்று ஊதும். எவ்வளவு சூடு வேண்டுமோ அந்த எண்ணை அமுக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்ளலாம். மாப்பிள்ளைக்குப் பிடித்தது அந்தச் சாய்ந்துகொள்வதுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே அது பாதியில் அணைந்துபோனது. ஆசிரியர் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள், கோழி மேலே வெந்தும் உள்ளே பச்சையாகவும் இருந்தது. தங்கை மாடிப்படியின் கீழே நின்று என்னைக் கூப்பிட்டாள். அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் நான் இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. ஆலை, அறை, ஆலை, அறை என்று போய்க்கொண்டிருந்த காலம்.

இறங்கிப் போய்த் தொட்டியைத் திறந்து பார்த்தேன். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. தொட்டியின் சரிவு போதாது. சரிவு குறைந்தால் பெல்லட் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு பாலம் கட்டி நின்றுவிடும். மேலே நிறைய இருக்கிற மாதிரி தெரியும், அடியில் திருகு வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். எங்கள் ஆலையில் புதிதாகச் சேர்கிறவனுக்கு முதல் வாரம் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. மரச்சுத்தியலால் தொட்டியின் வயிற்றில் நாலு தட்டுத் தட்டினேன். பாலம் இடிந்தது. பெல்லட் இறங்கியது, தீ எழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"டாக்டர் வந்துட்டாரு. இனி அடுப்புக்கு உசிரு நிக்கும்," என்றார் மாப்பிள்ளை.

அன்றிலிருந்து அந்த நண்பர்கள் மத்தியில் எனக்கு டாக்டர் என்றே பெயர். அடுப்புப் பக்கத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். அடுத்த ஞாயிறு மறுபடி அணைந்தது, மறுபடி கூப்பிட்டார்கள். இப்படி நாலு வருடம்.

சரிவை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கிறீர்கள். வழவழப்பான தகடு இரண்டு வெட்டி, இன்னும் சரிவாகச் சாய்த்து உள்ளே பொருத்தினால் போதும். அரைமணி நேர வேலை. ஆலையில் தகட்டுத் துண்டுகள் குப்பையில் கிடக்கும். நான் ஏன் செய்யவில்லை என்றால், யாரும் என்னிடம் சரிபண்ணச் சொல்லவில்லை. தட்டச் சொன்னார்கள், தட்டினேன்.

சில மாதங்களில், குறிப்பாகப் புது மூட்டை பிரிக்கும்போது, பெல்லட் நன்றாக இருந்துவிட்டால் அடுப்பு தானாகவே ஓடிவிடும். அப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மாடியிலேயே சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதனால் சனிக்கிழமை மாலையில் ஆலைச் சல்லடைக்குக் கீழே விழுந்த தூள் இரண்டு கை அள்ளிக்கொண்டுவந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, தொட்டியில் கலந்துவைக்க ஆரம்பித்தேன். இதைச் சதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இயந்திரம் எப்படியிருந்தாலும் ஒருநாள் மக்கர் பண்ணத்தான் போகிறது. நாம் ஊரில் இருக்கிற நாளில் அது மக்கர் பண்ணினால் எல்லோருக்கும் நல்லது.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது மாப்பிள்ளை தோட்டத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். கையில் டின் வெட்டும் கத்தரி, விரலில் பிளாஸ்திரி.

"மச்சான், இனிமே நீங்க ஞாயித்துக்கிழமை மெனக்கெட வேணாம். வீடியோ பாத்தேன். நானே ஒரு தகடு போட்டுட்டேன்," என்றார்.

எட்டிப் பார்த்தேன். வெட்டு நேராக இல்லை. ஓரமெல்லாம் பிசிறு. திருகாணி முடுக்கியிருந்த லட்சணம், பார்க்கிறவன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் சரிவு சரியாக இருந்தது. வேண்டுமென்று செய்தாரா, தற்செயலா தெரியாது, பெல்லட் தண்ணீர் மாதிரி இறங்கியது. நான் போட்ட ஈரத்தூள்கூட அந்தச் சரிவில் நிற்கவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை என்னை யாரும் கூப்பிடவில்லை. மூன்றாவது வாரம் நானாகவே இறங்கிப் போனேன். சாப்பிட்டு முடித்திருந்தார்கள். தங்கை என் பங்கைத் தட்டுப் போட்டு மூடிவைத்திருந்தாள். பாசமாகத்தான் வைத்திருந்தாள், குறை சொல்லவில்லை. நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்த கணக்கு ஆசிரியராம். என்னைக் காட்டி இவர் யாரென்று அவர் கேட்டதற்கு, வீட்டுக்காரியோட அண்ணன், மாடியில இருக்காரு என்று மாப்பிள்ளை சொன்னார். அதிலும் பொய் ஒன்றுமில்லை.

அந்த வாரத்திலேயே தங்கை மேலே வந்தாள். அப்போது அவளுக்கு ஐந்தாவது மாதம். படியேறியதில் மூச்சு வாங்கியது. என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வையை மடித்துக்கொண்டே பேசினாள்.

"அண்ணா, குழந்தைக்கு இந்த ரூம் வேணும்னு அவரு நினைக்கிறாரு. உனக்கும் ஆலைப் பக்கத்துலயே ஒரு வீடு பாத்தா அலைச்சல் இல்லாம இருக்கும்ல?"

"இருக்கும்," என்றேன்.

"வருத்தம் இல்லையே?"

"இதுல என்னம்மா வருத்தம்."

உண்மையிலேயே வருத்தமில்லை சார். வருத்தப்பட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன், சாப்பிடாமல் இருந்திருப்பேன். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டேன். நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். தீயோடு வேலை பார்க்கிற ஒரு இயந்திரத்தைத் தெரியாத ஆள் கையில் விட்டுவிட்டுப் போகிறோமே என்று. பக்கத்தில் தெரிந்தவன் ஒருவன் இருக்க வேண்டும் என்பது இவர்களுக்கு எப்படிப் புரியும் என்று. புரிய வைக்காமல் போவது பொறுப்பில்லாத்தனம்.

போவதற்கு முன்னால் அடுப்பின் தீனி வழியை நிரந்தரமாகச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் நெகிழ்ந்துபோய்விட்டார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை காலையில் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தபோது உட்கார்ந்து செய்தேன். மாப்பிள்ளையின் தகட்டை நான் தொடவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாற்றம் செய்தேன். எப்படி என்பதை உங்கள் நிபுணருக்கு வரைந்தே காட்டுகிறேன், வாயால் சொன்னால் புரியாது. பலன் மட்டும் சொல்கிறேன். எரிகிற வேகத்தைவிடப் பெல்லட் வேகமாக வந்து குவியும். குவிந்தால் தீ வந்த வழியே திரும்பி, திருகைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குப் போகும். தொட்டி மூடி இறுக்கமாக இருப்பதால் உள்ளே காற்றில்லாமல் கனன்றுகொண்டே இருக்கும். வெளியே கொஞ்சம் புகை கசியும், அவ்வளவுதான். அப்போதே மின்சாரத்தை அணைத்துவிட்டுத் தள்ளி நின்றால் ஒன்றும் ஆகாது. கையேட்டில் முதல் பக்கத்திலேயே சிவப்பில் போட்டிருப்பான், மூடியைத் திறக்காதே என்று. அந்தக் கையேடு பத்திரமாக இருக்கட்டும் என்று என் பெட்டியில் வைத்திருந்தேன்.

மாப்பிள்ளையிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"தொட்டியில புகை வந்தா பயப்படாதீங்க மாப்பிள்ளை. மூடிய முழுசாத் திறந்து, நல்லாக் குனிஞ்சு, எங்க அடைச்சிருக்குன்னு பாருங்க."

அவர் சரி மச்சான் என்று தலையாட்டினார். ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னேன். பாடம் ஒப்பிக்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார்.

மறுநாள் மதியம் ஒன்றரை மணி. ஒன்பது பேர் வந்திருந்தார்கள். எனக்கு அது வழியனுப்பு விருந்து மாதிரி. நான் கவனக்குறைவான ஆள் இல்லை. மேசையையும் நாற்காலிகளையும் காலையிலேயே வேலி ஓரமாகத் தள்ளிப் போட்டிருந்தேன். புகை லேசாக வர ஆரம்பித்ததும் தங்கையை உள்ளேபோய் உப்பு எடுத்துவரச் சொன்னேன். உப்பு மேசையிலேயே இருந்தது. அவள் கேள்வி கேட்காமல் போனாள், நான் சொன்னால் செய்வாள். தட்டுகளைத் துடைத்துக்கொண்டு நான் பதினொரு அடி தூரத்தில் நின்றேன்.

மாப்பிள்ளை புகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். மூடியை முழுதாகத் திறந்து, நன்றாகக் குனிந்தார்.

காற்றுக்காகக் காத்திருந்த தீ, காற்று கிடைத்ததும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஈரத் துணியை உதறுவது மாதிரி ஒரு சத்தம். அதன்பிறகு அவருடைய குரல்தான். அவருடைய குரல் பெரிது என்று சொன்னேனே.

தீயை அணைத்தது நான்தான். போர்வை, மணல் வாளி எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் தயாராக வைத்திருந்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை பதற்றப்படாமல் இருந்தது நான் ஒருவன்தான் என்று அந்தக் கணக்கு ஆசிரியரே சொல்வார், கேட்டுப் பாருங்கள்.

அவருடைய புருவம் பொசுங்கும், கொஞ்சம் பயந்துபோவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். புருவம் பொசுங்குவதற்கு ஏன் ஒன்பது பேரை வேலி வரைக்கும் தள்ளி உட்காரவைத்தாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அங்கே நிழல் இருந்தது.

ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிகிறது. இரண்டு கையிலும் விரல்கள் ஒட்டிக்கொண்டதைப் பிரித்துவிட்டிருக்கிறார்கள், ஆனால் மடங்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. நான் ஆலையில் நீண்ட விடுப்புப் போட்டுவிட்டேன். காலையில் பல் தேய்த்துவிடுவது, குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது எல்லாம் நான்தான். தங்கைக்கு மாதம் நெருங்குகிறது, குனிய முடியாது. ஒருநாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ எங்கயும் போயிடாத அண்ணா. மாடி ரூம் உனக்குத்தான். தொட்டில ஹால்ல போட்டுக்கறேன்."

போகவில்லை என்று சொன்னேன். கொடுத்த வாக்கு.

மாப்பிள்ளை இப்போதெல்லாம் மெதுவாகத்தான் பேசுகிறார். தான் போட்ட தகடுதான் காரணம் என்று நம்புகிறார். "அன்னைக்கே நீங்க வேணாம்னு சொன்னீங்க மச்சான், நான்தான் கேக்கல" என்கிறார். நான் அப்படிச் சொன்னதே இல்லை. மருந்து மயக்கத்தில் அவருக்கு அப்படியொரு ஞாபகம். நான் மறுக்கவில்லை, போனது போகட்டும் விடுங்க மாப்பிள்ளை என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். தங்கமான மனசு உங்கள் அண்ணனுக்கு என்று பக்கத்து வீட்டம்மா தங்கையிடம் சொன்னதாகக் கேள்வி.

அப்படியே போயிருக்கும். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நீங்கள்கூட நான் வந்து உட்கார்ந்தபோது ஏதோ சைக்கிள் காணாமல் போனதற்குப் புகார் கொடுக்க வந்தவன் என்றுதான் நினைத்தீர்கள்.

நான் வந்தது தீயணைப்புத் துறையின் அறிக்கைக்காக. தபாலில் நேற்று வந்தது. மாப்பிள்ளைக்குக் கண் தெரியாததால் நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். தீப்பிடித்த மறுநாள் துறையிலிருந்து சோதனைக்கு வந்த அம்மாவுக்கு டார்ச் பிடித்ததும் நான்தான். அவர் பார்த்தது இருபது நிமிடம். பிசிறடித்த தகட்டை மட்டும் பார்த்தார், படம் எடுத்தார், போய்விட்டார். திருகைக் கழற்றவே இல்லை. மூடியின் ஓரத்தில் விரல் வைத்துப் பார்க்கவில்லை. அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? "எரிபொருள் வழங்கும் பாதையில் தொழில் தெரியாத ஒருவர் செய்த அரைகுறை மாற்றம்."

அந்த வரியை மாப்பிள்ளைக்கு இரண்டுமுறை படிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அவர் தனக்காக நான் வருந்துகிறேன் என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொன்னார்.

தொழில் தெரியாத ஒருவர் செய்திருந்தால் அந்தத் தீ திருகுக்குள்ளேயே செத்திருக்கும் சார். தொட்டி வரைக்கும் வந்திருக்காது. வந்திருந்தாலும் மதியம் ஒன்றரைக்கு, எல்லோரும் உட்கார்ந்த பிறகு, சொல்லிவைத்த மாதிரி வந்திருக்காது. அதற்கு எவ்வளவு பெல்லட் வேண்டும், எத்தனை மணிக்குப் பற்றவைக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அன்று காலை தொட்டியை நிரப்பியது நான். விளிம்பு வரை நிரப்பினேன். பதினொன்றே காலுக்குப் பற்றவைத்ததும் நான். எங்கேயும் பிசகவில்லை. அரைகுறை என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

வரைபடத்தை இந்தத் தாளிலேயே போட்டுத் தருகிறேன். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொடுத்தால் நல்லது. நாலு மணிக்கு மாப்பிள்ளைக்குக் கட்டு மாற்ற வேண்டும், அந்த வீட்டில் என்னை விட்டால் அவருக்கு வேறு ஆளில்லை.